அடக்கக் கேசட்டில் பதிந்த சண்டைவீரன்

இரண்டு மணி நேரம் ஓடிய வீடியோ "டெக்கு" விடும் வாசனையை இன்று யாரிடம் சொன்னாலும் விளங்காது. சூடேறிய பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்த அந்த வாசனை, எங்கள் தேங்காய்ப்பட்டணத்தில் கல்ஃபுக்காரர் வீடுகளில் மீன்குழம்பு வாசனைக்கு அடுத்தபடியாக நின்றது. மஸ்கட்டிலிருந்து அப்பா கொண்டுவந்து வைத்த டெக்கின் முன்னால்தான் நான் கெட்டுப்போனேன் என்று அம்மா சொல்வாள். பொய்யில்லை.

பதிமூன்று வயதுப் பெண்பிள்ளைக்கு வேறு கிறுக்கு கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். எனக்கு ஒரு குங்ஃபூ வீரன்தான் கிறுக்கு. முற்றத்து வாழையைப் பார்த்து நான் காலைத் தூக்கும்போதெல்லாம், "ஏட்டி, காலை முறிச்சு அடுப்புல வைப்பேன், அடங்கி இரி" என்று அம்மா சத்தம் போடுவாள்.

அந்த வருஷம் அவன் வாழ்க்கையைப் பற்றிய படம் ஒன்று வீடியோ கேசட்டாக வெளிவந்தது. கதைப்படம் இல்லை, அவன் பிறந்தது, சண்டை பழகியது, இளவயதில் செத்தது எல்லாம் உள்ள நிஜப்படம். ஜங்ஷனில் கேசட்டுக்கடை வைத்திருந்த ஜஸ்டஸ் அண்ணன், லீவில் வந்த யாரிடமிருந்தோ அதை ஒரே ஒரு நாளைக்கு வாங்கி வைத்திருந்தார். அவரிடம் இரண்டு டெக்குகள் உண்டு, ஒன்றில் ஓடுவதை மற்றதில் பதியலாம். "ஒரு கேசட்டு கொண்டு வா மக்கா, ஏத்தித் தாறேன். நாளைக்கு இது போயிரும்" என்றார்.

புதுக் கேசட்டுக்கு நான் எங்கே போவேன்? எங்கள் அலமாரியில் இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் எங்களுடையதல்ல. பக்கத்து வீட்டு பிலோமினா மாமியின் "அடக்கக் கேசட்டு".

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் கடற்கரையில் ஆண்கள் பலர் கல்ஃபில் இருந்ததால், கல்யாணத்தைப் போலவே சாவையும் வீடியோ எடுப்பார்கள். அடக்கத்துக்கு வர முடியாத மகன், சவப்பெட்டி மூடுவதற்கு முன்னுள்ள பெற்றவளின் முகத்தை அங்கே அறையில் உட்கார்ந்து ஒருதடவை பார்த்து அழ வேண்டும் அல்லவா, அதற்காக. மாமி செத்தபோது அவளுடைய ஒரே மகன் செலஸ்டின் அண்ணன் சவூதியில், தம்மாமில் இருந்தார், லீவு கிடைக்கவில்லை. குழித்துறையிலிருந்து வந்த வீடியோக்காரர் இரண்டு கேசட்டு போட்டுக் கொடுத்தார். ஒன்று, லீவு முடிந்து திரும்பிய ஒருவர் கையில் தம்மாமுக்குப் போயிற்று. மற்றது, பூட்டிய மாமி வீட்டின் சாவியோடு எங்கள் வீட்டில் இருந்தது.

அண்ணனுக்குத்தான் ஒன்று போய்விட்டதே, இதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். தெரியாமல் செய்யவில்லை. மாமியின் பேர் எழுதிய சீட்டை எச்சில் தொட்டுச் சுரண்டி எடுத்தேன். மேலே வேறெதுவும் பதியாமல் இருப்பதற்காகக் கேசட்டின் விளிம்பில் ஒரு சின்ன துண்டை உடைத்துவிட்டிருந்தார்கள். "பழசா மக்கா?" என்று கேட்டபடி ஜஸ்டஸ் அண்ணன் அந்த ஓட்டையின் மேல் செல்லோடேப்பை ஒட்டினார். "பழசுதான் அண்ணா" என்றேன். அந்த நாக்கு அன்றே அழுகிப்போயிருக்க வேண்டும்.

கேசட்டை அதே இடத்தில் திரும்ப வைத்து, அம்மா சந்தைக்குப் போகும் நேரமாகப் பார்த்து நாலைந்து தடவை பார்த்தேன். என்ன சந்தோஷம்! பிறகு தம்மாமிலிருந்து கடிதம் வந்தது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது; நான்தான் வாசித்தேன். விமான நிலையத்தில் பரிசோதனைக்கென்று வாங்கி வைத்த கேசட்டு திரும்பக் கிடைக்கவில்லை, லீவில் வரும்போது, சித்தி, உங்கள் வீட்டில் இருப்பதைப் பார்த்துக்கொள்கிறேன், பத்திரமாக வைத்திருங்கள் என்று அண்ணன் எழுதியிருந்தார். "பாவம், பய காத்துக் கெடக்கான்" என்று அம்மா கண்ணைத் துடைத்தாள். அன்றே சொல்லியிருக்கலாம். ஏழு மாதம் வாயைத் திறக்கவில்லை.

அண்ணன் வந்த அன்று, கல்லறைக்குப் போய்விட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஜெபமாலையோடு வந்து தரையில் உட்கார்ந்தார்கள். அம்மா கேசட்டைப் போட்டாள். சண்டைவீரன் பாய்ந்து வந்து உதைத்தான்.

"இது என்னவாக்கும்!" என்று அம்மா அணைக்கப் போனாள்.

"ஓடட்டும் சித்தி, பின்னால இருக்கும்" என்றார் அண்ணன்.

ஒன்றரை மணி நேரம் அவர் எழும்பவில்லை. வேகமாக ஓட்டவும் விடவில்லை. அம்மை எங்காவது தப்பிப்போய்விடுவாளோ என்ற பயம். கடைசியில் அந்த வீரனின் அடக்கம் வந்தது. திறந்த பெட்டிக்குள் அவன் முகம், சுற்றிலும் அழுகிற கூட்டம். யாரோ பெற்ற பிள்ளையின் முகத்தை அண்ணன் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்து, திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைந்து, அதன்பின் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டம் தெரிந்தது. பெட்டி மூடியாகிவிட்டது. ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அம்மைக்க மொகம் எங்க சித்தி?" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "காலி கேசட்டுன்னு நெனச்சேன்" என்றேன். அம்மா ஓங்கிய கையை அண்ணன்தான் பிடித்தார். "விடுங்க சித்தி, சின்னப்பிள்ள. தெரியாமத்தானே செஞ்சா." அந்த அடி விழுந்திருந்தால் இன்று இதை எழுத வேண்டியிருக்காது.

போன மாதம் அதே படத்தைத் துடைத்துப் புதுக்கி டிஸ்க்காக வெளியிட்டிருக்கிறார்கள் என்று என் மகள் வாங்கி வந்தாள். டெக்கு போய்விட்டது. ஜஸ்டஸ் அண்ணனின் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். அடக்கத்தைக் கேசட்டில் எடுப்பாரும் இல்லை. போனிலேயே நேரடியாகக் காட்டிவிடுகிறார்கள், இங்கே பெட்டி மூடும் அதே நிமிஷத்தில் தம்மாமில் இருப்பவன் அழுகிறான். டிஸ்க்கைப் பிரிக்காமல் வைத்துவிட்டு, இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிடுவதென்று செலஸ்டின் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் கல்ஃபை விட்டு வந்து பல வருஷமாயிற்று. எழும்பி நடப்பதே பாடு.

"வந்தியா மக்கா, இரி" என்றார். நான் வாயெடுக்கும் முன்னே அவரே தொடங்கினார். "உனக்க அம்மையும் போயிட்டா. அடக்கத்துக்கு நின்ன பெரியவங்க ஒருத்தரும் இப்போ இல்ல. நீ அன்னைக்கு அங்கதானே நின்ன? அம்மைக்க மொகம் கடைசியா எப்பிடி இருந்து? சொல்லு, கேக்கட்டும்."

"தூங்குத மாதிரி இருந்தாவ அண்ணா. லேசா சிரிச்ச மாதிரி" என்றேன்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, போதும் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

மாமியின் அடக்கத்தன்று பிணத்தைப் பார்க்கப் பயந்து, எங்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். மாமியின் முகத்தை நான் பார்க்கவே இல்லை.