விசில் டீச்சரின் மூன்றாவது வேலை

உடற்கல்விப் பட்டம் வாங்கிய அவளைப் பள்ளியில் விசில் டீச்சர் என்பார்கள். அங்கே இருந்த ஆறு வருடமும் அவளுடைய வகுப்பு நேரத்தைக் கணக்கு வாத்தியார்தான் எடுத்துக்கொண்டார். அலுத்துப்போய் ஜிம்முக்கு மாறினாள். அங்கே துண்டு மடித்தே நாள் போனது. இப்போது முதியோர் இல்லத்தில் உடற்பயிற்சி சொல்லித்தருகிறாள்.

"கையைத் தூக்கி இனிமே என்னம்மா கிழிக்கப் போறேன்?" பக்கவாதத்தில் வலக்கை விழுந்து அங்கே தங்கியிருந்த முன்னாள் லாரி டிரைவர் ஒருவர் தினமும் சலித்துக்கொள்வார்.

"உங்க சட்டையை நீங்களே போட்டுக்கலாம், ஐயா."

நாலு மாதம் அவரோடு மல்லுக்கட்டினாள். இன்று காலை அவர் தானே சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். பொத்தான்கள் ஒரு துளை மாறியிருந்தன. அவள் அதைச் சரிசெய்யவில்லை.

மதியம் கணவர் போனில் கேட்டார்: "வேற நல்ல வேலை பாக்கலாமே?"

கால் கடுக்க நின்றவள் நாற்காலியில் சாய்ந்தாள். "பாக்கலாம். இந்த மாசம் வேணாம்."