ஒட்டாமல் விட்ட இடம்

யுத்தம் முடிந்த வருடம், களுவாஞ்சிக்குடி பஸ் தரிப்பிடத்துச் சுவரில் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒட்டும் ஒருவரை அடிக்கடி பார்ப்பேன். மெலிந்த, உயரமான மனிதர். முழங்கை வரை மாப்பசை காய்ந்து வெள்ளையாக உரிந்துகொண்டிருக்கும். இறந்தவரின் முகத்தில் மட்டும் தூரிகை வைக்கமாட்டார். புறங்கையால் மெல்லத் தடவித்தான் ஒட்டுவார்.

சுவர் நிறைய முகங்கள். நடுவில் மட்டும் ஒரு நோட்டீஸ் அளவுக்கு வெறும் சுவர். வேறு யாரும் அதில் ஒட்டினால் பொறுமையாக உரித்தெடுத்துப் பக்கத்தில் ஒட்டிவிடுவார். ஒருநாள் காரணம் கேட்டேன்.

"அது எங்கட கணக்கு டீச்சருக்கு, தம்பி. சுனாமி ஆளையும் கொண்டு போயித்து, வீட்டில கிடந்த படங்களையும் கொண்டு போயித்து."

யாரைச் சொல்கிறார் என்று விளங்கியது. நானும் அந்த டீச்சரிடம் படித்தவன்தான் என்றேன். "பேரை மட்டும் போட்டு அடிக்கலாமே, அண்ணன்?"

"பேரெண்டா வாசிச்சிட்டுப் போயிருவாங்க. முகம் இருந்தாத்தான் நிண்டு பாப்பாங்க." சற்று நெருங்கி வந்தார். "அவ எப்பிடி இருப்பா, சொல்லுங்க பாப்பம். எனக்கு வர வர மங்குது."

வாயைத் திறந்தேன். குரல் ஞாபகம் வந்தது. சோக்குத்தூள் படிந்த விரல்களும் வந்தன. முகம் வரவில்லை. அதற்குள் பஸ் வந்துவிட்டது.

இன்றும் டீச்சரை நினைக்க முயன்றால், பசை வாளியோடு என் பதிலுக்காக நிற்கும் அவருடைய முகம்தான் வருகிறது.