பிரேக் வாத்தியாரின் இடது கை

அக்காவின் கணவர் இருபத்தெட்டு வருடம் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர். மாணவர்கள் வைத்த பெயர் பிரேக் வாத்தியார். சமதரையில் நிறுத்தினாலும் இறங்கும் முன் அவர் இடது கை ஹேண்ட் பிரேக்கை உச்சிவரை இழுத்துவிடும். கேட்டால், "வண்டிய நம்பலாம், தரைய நம்ப முடியாது" என்பார். எனக்கு அத்தானைப் பிடிக்கும். அவருடைய விளக்கங்களைத்தான் பிடிக்காது.

போன வருடம் பக்கவாதம் வந்து அந்தக் கை துவண்டுவிட்டது. நடை தேறியது, பேச்சு தேறியது. கையால் மட்டும் டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தைக்கூட அழுத்த முடியவில்லை. ஆறு மாதத்துக்குள் பலம் திரும்பாவிட்டால் அப்புறம் கஷ்டம் என்று சொல்லியிருந்தார்கள். ஐந்து மாதம் ஓடிவிட்டது. அக்கா உள்ளுக்குள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவருடைய பழைய காரும் அத்தனை மாதம் ஹேண்ட் பிரேக் போட்டபடியே மழையில் கிடந்தது. பின்சக்கரங்களைப் பிடித்து நிறுத்தும் பிரேக் டிரம்கள் துருவேறி இறுகிவிட்டன. நான் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் முதல் வேலையாக ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். காரின் பின்பக்கத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு சக்கரத்தைக் கழற்றி, டிரம்மின் விளிம்பெல்லாம் எண்ணெய் விட்டேன். பின்புறத் துளை வழியாக ஸ்குரூடிரைவரை நுழைத்து, உள்ளே கவ்விக்கொண்டிருந்த பிரேக் ஷூக்களைத் தளர்த்தினேன். சுற்றிச் சுற்றிச் சுத்தியலால் தட்டினேன். மதியத்துக்குள் டிரம் கையால் சுற்றுமளவுக்கு இளகியது. வெளியே இழுப்பதுதான் பாக்கி. நிம்மதியாகச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால் டிரம் மயிரிழைகூட அசையவில்லை. மறுபடி எண்ணெய், மறுபடி சுத்தியல். ஒரு மணி நேரம் போனது. அத்தான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"என்ன மச்சான், ஊர் வண்டியெல்லாம் சரி பண்றியாமே?"

"கொஞ்சம் சும்மா இருங்க அத்தான்."

தண்ணீர் கொண்டுவந்த அக்கா கார் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "ஹேண்ட் பிரேக் போட்டிருக்கே. அது தெரியாமயா இந்த இடி இடிக்கிற?"

"காலையிலயே எறக்கிட்டேனே."

"வந்து பாரு."

லீவர் உச்சியில் நின்றது. என் மானம் கப்பலேறியது.

"யாரு இழுத்தா?" என்றேன்.

அத்தான் தயங்கினார். "நீ சாப்பிடறப்ப சும்மா கொஞ்ச நேரம் டிரைவர் சீட்டுல உக்காந்திருந்தேன். ஆனா நான் எதையும் தொடலையே."

வலது கையால் கதவைப் பிடித்துக்கொண்டால்தான் அவரால் இறங்கவே முடியும். அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அக்கா லீவரை இறக்கினாள். "ஏறி உக்காருங்க. இழுங்க பாப்போம்."

அவர் இடது கையையே உற்றுப் பார்த்துக்கொண்டு இழுத்தார். விரல்கள் லீவரில் ஏறின, பாதியில் நழுவின. அக்காவின் முகம் வாடியது. ஆனால் அவள் விடுவதாயில்லை.

"கையப் பாக்காதீங்க. வண்டி நின்னுடுச்சு, எறங்குங்க. அவ்வளவுதான்."

அவர் கதவைத் திறந்து, வலது கையால் பிடித்துக்கொண்டு, காலை வெளியே வைத்தார். உள்ளே லீவர் கறக் கறக் என்று மேலே போனது.

அக்கா எண்ணெய்க் கறை படிந்த தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், வெட்கமெல்லாம் படவில்லை. பிறகு அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை" என்றாள்.

சாயங்காலம் வரை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார் மனிதர். டிரம்மை நான் மறுநாள்தான் கழற்றினேன்.