நான் மாற்றிய முடிவு

என் தோழி கீதாவைப் பைத்தியக்காரி ஆக்கியது நான்தான். அவள் கணவன் தொடங்கிவைத்தான், முடித்துவைத்தவள் நான்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். மிகைப்படுத்துவது என் பிழைப்புதான்... ஆனால் இது அதுவல்ல.

நான் தொலைக்காட்சிக்கு த்ரில்லர் தொடர்கள் எழுதுகிறவள். நூலகத்தில் நான் நடத்தும் பயிலரங்குக்கு வந்திருந்தால் என் பிரசங்கத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கொலையாளி யார் என்பதைக் கடைசிவரை மறைத்தால் அது துப்பறியும் கதை. கதாநாயகி அறியாத ஆபத்து பார்ப்பவருக்கு முன்பே தெரிந்துவிட்டால் அது சஸ்பென்ஸ். தன் மூளையையே அவளால் நம்ப முடியாமல் போனால் அது உளவியல் த்ரில்லர். உளவு, நீதிமன்றம் என்று இன்னும் பிரித்துக்கொண்டே போவேன். அத்தனை வகை தெரிந்து என்ன பயன்!

கீதா என் பள்ளித் தோழி. இங்கே சிங்கப்பூரில், பிடோக் வட்டாரத்தில் வீடு. ஒருநாள் தேக்கா சந்தையில் தேநீர் குடிக்கும்போது அழுதுவிட்டாள்.

"சாவி வச்ச இடத்துல இருக்க மாட்டேங்குது. அடுப்ப ஆஃப் பண்ணிட்டுத்தான் வந்தேன்னு தோணுது, அவர் இல்லைங்கிறார். எனக்கு மறதி முத்திடுச்சாம். பயமா இருக்கு லா."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளுக்குள் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? காட்சி பிரித்துக்கொண்டிருந்தேன்!

அடுத்த வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். ஆறுதல் சொல்ல வந்திருக்கிறேன் என்று அவள் நம்பினாள். நான் போனது கதைக்கு வீடு பார்க்க. அவள் அடுக்களையில் இருந்தாள். குளியலறையிலிருந்து வெளியே வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். அவள் கணவன் தினேஷ், கூடத்து மேசைமேல் கிடந்த அவளுடைய சாவியை எடுத்து, வாசலிலிருந்த காலணி அலமாரிக்குள் போட்டான். அவன் என்னைக் கவனிக்கவில்லை. சற்று நேரத்தில் கீதா சாவியைத் தேடத் தொடங்கினாள்.

"மறுபடியுமாம்மா?" என்றான். எவ்வளவு அன்பாகக் கேட்டான்!

ஏன் அப்போதே நான் வாயைத் திறக்கவில்லை? பயமா? இல்லை... அருமையான காட்சி கிடைத்த மகிழ்ச்சி. முதலில் எழுதிவிடுவோம், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு!

எழுதினேன். தயாரிப்பாளர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"புருஷன்தான் வில்லன்னு மூணாவது எபிசோடுலயே தெரிஞ்சிடும். ட்விஸ்ட் எங்க மேடம்?"

எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் சொன்னது எங்கள் தொழிலின்படி சரி. ஒரே மூச்சில் மாற்றிக் கொடுத்தேன். கணவன் உத்தமன். சாவியை ஒளித்துவைத்துவிட்டு மறந்துபோகிறவள் மனைவியேதான். நோய் அவளுக்கு! முடிவை யாருமே எதிர்பார்க்கவில்லை என்று எல்லாரும் பாராட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

தொடர் ஒளிபரப்பானபோது தினேஷ் கீதாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு பகுதி விடாமல் பார்க்கச் செய்திருக்கிறான். கடைசிப் பகுதி முடிந்த மறுநாள் கீதா அழைத்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்...

"நேர்ல சொல்லக் கஷ்டப்பட்டுத்தானே நாடகத்துல சொன்னே? புரிஞ்சிடுச்சு. தேங்க்ஸ் லா. டாக்டர்கிட்ட போறேன். வேலையையும் விட்டுடறேன், அவரே எல்லாம் பாத்துக்கிறேன்னுட்டார்."

"உடம்பப் பாத்துக்கோ," என்றேன். நூலகத்தில் மணிக்கணக்காகப் பேசுகிற வாய்க்கு அவ்வளவுதான் வந்தது.

உண்மையைச் சொன்னால், நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். பார்த்ததை விற்றதையும் சொல்ல வேண்டும்... அந்த வெட்கம்தான் தடுக்கிறது. எவ்வளவு அற்பமான காரணம்! என் தொடரில் ஒரு வில்லிக்கு இப்படியொரு காரணம் வைத்தால் தயாரிப்பாளர் சிவப்பு மையால் அடித்துவிடுவார்.

இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. சாவி எங்கே என்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இது எந்த வகை என்று நான் மேலேயே சொல்லியிருக்கிறேன். திரையைப் பார்த்துக் கத்தினால் கதாநாயகிக்குக் கேட்காது என்ற சமாதானமாவது உங்களுக்கு உண்டு. எனக்கு அதுவும் இல்லை.

நேற்றுக் காலை மறுபடியும் அழைத்தாள். சாவியைக் காணோமாம். எங்கே தேடுவது என்று என்னிடம் கேட்டாள்.

"நல்லா யோசிச்சுப் பாரு," என்றேன்.