கூரையில்லாத வீட்டில் கேட்ட மூச்சு

நான்கு வருடங்களுக்கு முன், கல்முனையில் நடந்த சித்திரைப் புத்தாண்டு மரதன் ஓட்டத்தில் எனக்கு முதலிடம் கிடைத்தது. ஓடி வென்றேன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பாதித் தூரத்தில், திரும்பும் இடத்தில், ஓடுபவர் கையில் சிவப்பு நாடா கட்டுவார்கள். அதே நாடாவை முதல் நாளே கடையில் வாங்கிக் காற்சட்டைப் பைக்குள் வைத்திருந்தேன். கடற்கரைப் பாதையில் ஆளில்லாத ஒரு வளைவில் விலகி, சுனாமியில் கூரை போன ஒரு வீட்டுக்குள் ஒளிந்துகொண்டேன்.

வெளியே நல்ல வெயில். உள்ளே குளிர்ந்தது. பல்லால் இழுத்து நாடாவை முடிந்துகொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் யாரோ மூச்சு விடுவது கேட்டது. என் மூச்சை அடக்கினேன், அதுவும் நின்றது. எட்டிப் பார்த்தேன். மணலும் உடைந்த அடுப்பு மேடையும்தான் இருந்தன. விழுந்தடித்து வெளியே ஓடி, வந்த வழியே திரும்பி, மற்றவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்து கிண்ணத்தையும் வாங்கிவிட்டேன்.

அதன்பிறகு என்னால் ஓட முடியவில்லை. நாலு அடி வைத்தால் பிடரிக்குப் பின்னால் அந்த மூச்சு. அடுத்த தவக்காலத்தில் தேவாலயத்தில் சுவாமியிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கடவுள் மன்னிப்பார், இரண்டாவதாக வந்தவரிடம் கேட்டாயா என்றார் சுவாமி.

இரண்டாவதாக வந்தவர் சாய்ந்தமருதில் மீன்பிடிக்கும் ஒரு முஸ்லிம் அண்ணன்; நானா என்றுதான் கூப்பிடுவோம். கிண்ணத்தை அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், நான் ஒளிந்த இடத்தைச் சொன்னதும் எழும்பிவிட்டார்.

"அது எங்கட உம்மாட ஊடு, தம்பி. உம்மா சுனாமியில அதுக்குள்ளதான் மௌத்தானது. சலாம் செல்லாம நாங்களே உள்ள போறல்ல."

உடனே மோட்டார் சைக்கிளில் என்னை அங்கே கூட்டிப்போனார். பின்னேரம் நான்கு மணியிருக்கும். வாசலில் நின்று சலாம் சொன்னார். பதிலுக்குக் காத்திருப்பவர் போலக் கொஞ்ச நேரம் நின்றார்.

"உம்மா, இந்தத் தம்பி உண்மையச் செல்லிட்டாரு. நான் மன்னிச்சிட்டன். நீங்களும் மன்னிச்சிருங்க."

உள்ளே யாரோ, அடக்கி வைத்திருந்த மூச்சை நீளமாக விட்டார்கள். காற்று என்று சொல்லலாம். ஆனால் அன்று முருங்கை இலைகூட அசையவில்லை. நான் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். நானா என் பக்கம் திரும்பவேயில்லை.

அந்த வாரமே விளையாட்டுக் கழகத்திலும் உண்மையைச் சொன்னேன். இரண்டு வருடம் போட்டிகளிலிருந்து விலக்கினார்கள். வெட்கத்தில் அழுதேன்தான், ஆனாலும் மறுபடி ஓடத் தொடங்கினேன். கடவுளிடம் கேட்டால் போதும் என்று நினைத்திருந்தவன் நான். ஒருமுறை ஏமாற்றியவன் யார் யாரிடமெல்லாம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும் என்பது அவனுக்கே தெரியாது.