இடப்பக்கம் அக்கா பார்ப்பாள்

என் அக்கா பிரேமாவதிக்கு லோரி ஓட்டத் தெரியாது. ஆனாலும் இருபத்திரண்டு வருடம் பாதி லோரியை அவள்தான் ஓட்டினாள் என்பேன். அவள் கணவர் அழகேசன் மாமா வலப்பக்கம் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பார். அக்கா இடப்பக்க ஜன்னலில் தலையை நீட்டி, "வாங்க, வாங்க... கால்வா இருக்கு, ஒடிச்சுத் திருப்புங்க... ஆ, கிளியர்லா" என்று சொல்லிக்கொண்டே வருவாள். திகாம் பத்து ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றும் பழைய லோரி அது.

பிள்ளை இல்லாத வீடு. தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது என்று கல்யாணமான மூன்றாம் வருடம் இரண்டு பேருக்கும் சோறு கட்டிக்கொண்டு லோரியில் ஏறியவள், பிறகு இறங்கவே இல்லை. நடுவில், பின்னால் பார்க்கும் இடப்பக்கக் கண்ணாடி ஆட ஆரம்பித்தது. மாமா மோட்டார் சைக்கிள் டியூப்பை வெட்டி அதைக் கதவோடு கட்டிவைத்தார். ஒழுங்காக மாட்டச் சொல்லி நான் போகும்போதெல்லாம் கத்துவேன். "பிரேமா இருக்கா, கண்ணாடி எதுக்குலா?" என்பார். சோம்பேறித்தனத்துக்கு அவர் வைத்த பெயர் பெண்டாட்டி.

தோட்டத்துக்குள் நுழையும் செம்மண் சடக்கோரம் ஒரு முனியாண்டி கோயில் உண்டு. கோயில் என்றால் ஒரு மரம், ஒரு கல், ஒரு சூலம். அக்கா சூடம் காட்டாமல் லோரி அதைத் தாண்டாது. அங்கே திருப்பும்போது மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். போன மாதம் அதே இடத்தில் மாமா ரிவர்ஸ் எடுத்தார். அக்கா "கிளியர்" என்றாள். பின்சக்கரம் சூலத்தை வளைத்து, கல்லைச் சாய்த்துவிட்டு நின்றது.

தோட்டத்தில் ஆளுக்கொன்று பேசினார்கள். சாமி குத்தம், பூசை போடணும் என்றார்கள். கேள்விப்பட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமாவுக்கு மட்டும் அந்த நிமிடமே புரிந்துவிட்டது. முனியாண்டி மேல் ஒரு தூசு விழவும் அக்கா விடமாட்டாள். அவர் சத்தம் போடாமல் இறங்கி, சுற்றி வந்து, அவள் ஜன்னலுக்கு நேர் கீழே நின்றார். அக்கா அவரையே பார்த்தபடி கேட்டாளாம்:

"என்னங்க, எங்க போனீங்க?"

இனிப்பு நீர் வியாதி வலக்கண்ணை முழுசாக எடுத்துவிட்டது, இடக்கண்ணில் நிழல்தான் ஆடுகிறது, போனது திரும்ப வராது என்றார் டாக்டர். ஒரு வருடமாகவே அப்படித்தான் இருந்திருக்கிறது. வளைவுகளை எண்ணி, சத்தத்தைக் கேட்டு, பழக்கத்தில் "கிளியர்" சொல்லியிருக்கிறாள். ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். "சொன்னா வீட்டுல உட்கார வச்சிருவீங்கடா" என்றாள். மாதம் தவறாமல் போய் அவள் கையால் காப்பி குடித்தவன் நான். விரலை டம்ளருக்குள் விட்டு ஊற்றுகிறாளே, சுத்தமே இல்லை என்று கேலி செய்திருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கண்ணாடியை மாட்டச் சொன்னது அக்காதான். பாக்கார் ஆராங்கில் என் வீட்டிலிருந்த எனக்குப் போன் போட்டு, "ஞாயித்துக்கிழமை ஸ்பேனர் எடுத்துட்டு வாடா, மாமா செய்யமாட்டாரு" என்றாள்.

நான் போனபோது மாமா வாசலில் லோரியை நிறுத்திவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"மாட்டுவோம். ஆனா நீ சும்மா கூட வா புள்ள. ஒண்ணும் பேச வேணாம்."

"நான் ஏறுனா என் வாய் சும்மா இருக்குமா? நான் கிளியர்னா நீங்க நம்பிருவீங்க. அன்னிக்குக் கல்லு. நாளைக்கு உதிரிப் பழம் பொறுக்குற பொம்பளையா இருந்தா?"

மாமா போய் நட்டுப் பெட்டியை எடுத்து வந்தார்.

டியூப்பை அறுத்தேன். கண்ணாடியின் இரும்புத் தண்டு கையோடு வந்தது. போல்ட் போட்டிருந்த ஓட்டைகளைத் துரு தின்று அகலமாக்கியிருந்தது, எந்த நட்டும் பிடிக்காது. கதவின் உள் அட்டையைக் கழற்றி, உள்பக்கம் ஒரு இரும்புப் பட்டையைக் கொடுத்து, பெரிய வாஷரும் புது போல்ட்டும் போட்டு முறுக்கினேன். ஒரு மணி நேர வேலை. இதை இத்தனை வருடம் தள்ளிப்போட்ட மனிதர் பக்கத்தில் நின்று நட்டை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

இனி கோணம் வைக்க வேண்டும். ஒருவர் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல, இன்னொருவர் வெளியே நின்று கண்ணாடியைத் திருப்ப வேண்டும். நான் கையை வைத்தேன்.

"தள்ளுடா" என்றாள் அக்கா. கதவைத் தடவி வந்து கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள். "ஏறி உட்காருங்க. சொல்லுங்க."

மாமா ஏறினார். "கொஞ்சம் வெளிய" என்றார். திருப்பினாள். "கொஞ்சம் கீழ." இறக்கினாள். "இன்னும் கொஞ்சம் வெளிய." "இப்ப உள்ள."

மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. பத்து நிமிடம் ஆயிற்று. எனக்குப் பொறுமை போய்விட்டது. பின்சக்கரமும் சடக்கும் அளவாகத் தெரியும்படி எப்போதோ வைத்துவிட்டாள், இந்த மனிதர் என்ன விளையாடுகிறார் என்று திட்டப் போனேன். ஜன்னல் வழியே பார்த்தால் மாமா கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. அவளைப் பார்த்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம்..." என்றார் மாமா. குரல் உடைந்தது.

அக்கா கண்ணாடியிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"சரியாத்தான் இருக்கு. எனக்குத் தெரியும். இறங்குங்க."

அவர் இறங்கவில்லை. அவள் சுவரைத் தொட்டுக்கொண்டே வீட்டுப்பக்கம் திரும்பினாள்.

"நாளையிலேருந்து ஒருத்தருக்குத்தான் சோறு கட்டணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.