பெயருக்கு விட்ட இடம்

நேற்று முன்தினம் மாலை நான்கு பத்துக்கு அந்தப் படம் வந்தது. எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப் குழு. குழாயில் தண்ணீர் வரும் நேரம், யார் வீட்டுப் பூனை யார் வீட்டில் குட்டி போட்டது என்பதற்கு மேல் அதில் எதுவும் வராது. அன்று வந்தது ஒரு போலீஸ் அறிக்கையின் முதல் பக்கம். யாரோ அவசரமாக எடுத்த படம், ஓரத்தில் கட்டை விரல் தெரிந்தது. போடிமெட்டுச் சாலை வளைவு ஒன்றில் கொலை. ஆண், வயது சுமார் இருபத்திரண்டு, மாநிறம், நீலக் கட்டம் போட்ட சட்டை. இறந்தவர் பெயர் என்ற இடத்துக்கு எதிரே ஒன்றுமில்லை.

என் மகனுக்கு இருபத்திரண்டு வயது. மலைமேல் ஏலக்காயை உலர்த்தித் தரம் பிரிக்கும் ஸ்டோர் ஒன்றில் கணக்குப் பார்க்கிறான். காலையில் ஜீப்பில் ஏறிப் போனவன் என்ன சட்டை போட்டிருந்தான் என்று எனக்கு நினைவு வரவில்லை. பெற்றவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டேன். கொடியில் பார்த்தேன், பீரோவில் பார்த்தேன். அவனுடைய நீலக் கட்டச் சட்டை இரண்டிலும் இல்லை. போன் போட்டால் ஒரு பெண் மலையாளத்தில் ஏதோ சொன்னாள். மேலே போய்விட்டால் அந்தப் பக்கத்து டவர்தான் பிடிக்கும். மதுரையில் வேலையாக இருந்த என் கணவர், சிக்னல் இருக்காது, பதறாதே என்றார். அவர் குரலும் நன்றாக இல்லை.

குழுவில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. பெயர் இன்னும் தெரியவில்லை போல என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்கு அந்த வெற்றிடம் வேறு ஒன்றைச் சொன்னது. பெயர் தெரிந்துவிட்டது, அதைச் சொல்ல யாரோ ஒரு வீட்டுக்கு ஆள் வந்துகொண்டிருக்கிறார். வாசற்கதவை அகலத் திறந்து வைத்து, நாற்காலியை எதிரே போட்டு உட்கார்ந்தேன்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்பதற்குக் கார்பன் தாளின் வாசனைக்குப் போக வேண்டும். மண்ணெண்ணெயும் மெழுகும் கலந்தது போன்ற வாசனை அது. படிப்பை முடித்த கையோடு, போடியில் ஒரு மாடி டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் உதவியாளாகச் சேர்ந்திருந்தேன். கீழே ஏலக்காய்க் கடைகள். மேலே வரும் ஏலக்காய் மணமும் கார்பன் வாசனையும் சேர்ந்து என் தாவணியில் ஏறிவிடும். விரல்களில் நீலம் போகாது. அந்தக் கையோடு சோற்றைப் பிசைந்தால் அம்மா தட்டை இழுத்துக்கொள்வாள்.

போலீஸ் ஸ்டேஷனில் இருந்த ஒரே டைப்ரைட்டர் பெரும்பாலும் ரிப்பேரில் கிடக்கும். முதல் தகவல் அறிக்கையைக் கையால் எழுதி நேரே நீதிபதிக்கு அனுப்பிவிடுவார்கள். கொலை, கொள்ளை என்றால் மேலதிகாரிகளுக்கு விரிவான அறிக்கை ஒன்று தனியாகப் போக வேண்டும். அதை அடிக்கத்தான் ஸ்டேஷன் எழுத்து வேலையெல்லாம் பார்த்த ரைட்டர் ஏட்டையா எங்கள் மாடிப்படி ஏறி வருவார். பெரிய உடம்பு, மூச்சு வாங்கும். வந்ததும் ஜன்னலைச் சாத்தச் சொல்வார். மெதுவாகச் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். ஒரு நகல் டி.எஸ்.பி.க்கு, ஒன்று மாவட்டத் தலைமைக்கு, இன்னும் சில வேறு வேறு மேசைகளுக்கு. கடைசி நகல் நிழல் மாதிரி மங்கிப்போயிருக்கும், அது ஸ்டேஷனுக்கு.

அவருக்காக முதன்முதலில் அடித்த அறிக்கையை நான் பெருமையோடு அடித்தேன். தலைப்பைப் பெரிய எழுத்தில் நடுவில் வைத்து, கீழே இரட்டைக் கோடு போட்டு, ஓரங்களில் நட்சத்திரக் குறி வேறு. ஏட்டையா தாளைத் தூக்கிப் பார்த்தார்.

“ஏ ஆத்தா, செத்தவனுக்குக் கல்யாணமா வச்சிருக்கு? கோடெல்லாம் வேணாம், வேற தாள் போடு.”

வேலை முடிந்ததும் கார்பன் தாள்களைக் கொண்டா என்பார். புதுக் கார்பனை வெளிச்சத்தில் பிடித்தால் அடித்த எழுத்தெல்லாம் படிக்கலாம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போவார். அடித்ததை அங்கேயே மறந்துவிட வேண்டும் என்பது அவர் எனக்கு வைத்த சட்டம். மறப்பதாவது! வீட்டுக்குப் போகும் வழியில் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நடந்திருக்கிறேன்.

ஒரு நாள் எஸ்டேட் கொலை ஒன்று. முழுவதும் அடித்தாயிற்று. இறந்தவர் பெயர் என்ற இடம் வந்ததும், இடம் விட்டுக் கீழே போ என்றார். கடைசி வரி வரை போனோம். பிறகு தாளை உருட்டி மறுபடி அந்த வெற்றிடத்துக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிவிட்டு, பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் அந்த மிஷினுக்காகக் காத்து நின்றார்கள். மாஸ்டர் இரண்டு முறை வந்து தொண்டையைச் செருமினார். ஏட்டையா அசையவில்லை. எனக்கோ வேலையை முடித்துவிட வேண்டும்.

“பேரு தெரியும்ல ஏட்டையா? சொன்னீகன்னா வெரசா அடிச்சிருவேன்.”

“தெரியும்.”

“பெறகென்ன?”

“மேல இருக்கவுகளுக்கு அர மணி நேரம் கழிச்சுத் தெரிஞ்சா ஒண்ணும் கொறஞ்சு போகாது. டைப் அடிக்கிற புள்ளைக்குத் தெரிஞ்சு பெத்தவளுக்குத் தெரியாம இருக்கக் கூடாது. ஆளு போயிருக்கு. வரட்டும்.”

காத்திருந்தோம். எஸ்டேட் ஜீப்பில் மலையேறிப் போயிருந்த போலீஸ்காரர் திரும்பி வந்து, படியிலேயே நின்று, “சொல்லியாச்சுண்ணே” என்றார். அவர் சட்டைத் தோள் ஈரமாக இருந்தது. மலையில் மழையா என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். ஏட்டையா பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார், நான் அடித்தேன். அந்தப் பெயர் இன்றும் நினைவிருக்கிறது. இங்கே எழுதப்போவதில்லை.

அப்படி இடம் விட வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை என்பது பின்னாளில் தெரிந்துகொண்டது. அது அந்த ஏட்டையாவின் வழக்கம் மட்டும்தான். மிஷின்கள் எடைக்குப் போய்விட்டன. கார்பன் தாளைக் கண்ணால் பார்த்தே பல காலம் ஆயிற்று. அவற்றுக்காக எனக்கு வருத்தம் இல்லை, விரலாவது சுத்தமாக இருக்கிறது. ஆனால் ஒரு தாள் உருளையில் காத்துக்கொண்டிருந்த அந்த அரை மணி நேரம் எங்கே போனது என்றுதான், திறந்த கதவுக்கு முன்னால் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தேன். தெருவில் காக்கி நிறத்தில் எது அசைந்தாலும் எழுந்து நின்றேன். கூரியர்க்காரர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஒங்களுக்கில்லக்கா” என்று விலகிப் போனார்.

இருட்டத் தொடங்கும்போது தெருமுனையில் ஜீப் நின்றது. மகன் நடந்து வந்தான். போட்டிருந்தது பச்சைச் சட்டை. நீலத்தை நானே முந்தின நாள் இஸ்திரிக்குக் கொடுத்திருந்தேன்.

“என்னம்மா, கதவத் தொறந்து போட்டு உக்காந்திருக்க?”

அவன் தோளில் இரண்டு அடி வைத்துவிட்டுப் போனை நீட்டினேன். பார்த்தான். உள்ளே வராமல் வாசற்படியிலேயே உட்கார்ந்தான்.

“இது காலைல எடுத்ததும்மா. மத்தியானமே பேரு, போட்டோ எல்லாம் வந்துருச்சு. அந்தப் பையனோட அம்மா எங்க ஸ்டோர்லதான் காய் பொறுக்குது.”

அந்தப் பெண்ணிடம் இருப்பது பழைய பட்டன் போன். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் போனைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள். அவள் மட்டும் காயைப் பொறுக்கிக்கொண்டே, என்னடி எல்லாரும் வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீக என்று சிரித்திருக்கிறாள்.

“போலீசு வரலியாப்பு?”

“வந்துக்கிட்டுத்தாம்மா இருந்தாக. அத்தன வளைவு ஏறி வரணும்ல. போனு முந்திக்கிருச்சு. மொதலாளி, சூப்பர்வைசரு எல்லாரும் ஆளுக்கொரு சோலின்னு வெளிய போயிட்டாக. பெறகு ஜீப்புல நான்தான் கீழ கூட்டியாந்தேன். ஆஸ்பத்திரில அவுக தம்பி வந்தப்பெறகு விட்டுட்டு வர்றேன். போன்ல சார்ஜும் இல்ல.”

அப்போதுதான் கவனித்தேன். பச்சைச் சட்டையின் இடது தோள் கசங்கி ஈரமாக இருந்தது.

“அப்ப அவகிட்ட யாருதான் சொன்னது?”

தலையைத் தூக்காமல் செருப்பின் வாரைக் கழற்றினான்.

“நாந்தாம்மா சொன்னேன்.”